33 நிமிஷம் உட்கார முடியாதா, சார்?

"சாக்ஸபோனா? அது பார்ல வாசிக்கிறது சார்."

"ஜாஸ் எல்லாம் பெரிய இடத்துக்காரங்க கேக்கிறது. நமக்குப் புரியாது."

"நல்லாவே இருக்கட்டும்ங்க. நம்ம கலாச்சாரம் இல்லையே!"

கடந்த இரண்டு மாதமாக இந்த மூன்று வசனங்களையும் மாற்றி மாற்றிக் கேட்டுக் காது புளித்துவிட்டது. சொன்னவர்கள் யாரும் விவரம் தெரியாதவர்கள் இல்லை. ரயில்வேயில், கல்லூரியில், என்னைப் போல பேங்கில் என்று நல்ல வேலையில் இருப்பவர்கள். வருஷா வருஷம் டிசம்பரில் லீவு போட்டுச் சென்னைக்குப் போய்க் கச்சேரி கேட்டுவிட்டு வருகிறவர்களும் அதில் உண்டு. அதனால்தான் எரிச்சல் அதிகமாகிறது. ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அடிக்க வராதீங்க :-)

முதலில் விஷயம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். தன்பாத், மும்பை, இந்தோர் என்று சுற்றிவிட்டு நான் இப்போது குடியிருக்கும் ஊரிலும் ஒரு தமிழ் அமைப்பு இருக்கிறது. பெயர் வேண்டாம், வீண் வம்பு. நவராத்திரிக்குப் பிள்ளைகள் நிகழ்ச்சி வைப்பார்கள். பதினோராம் வகுப்புப் படிக்கிற பையன் ஒருவன் பெயர் கொடுத்திருந்தான். பள்ளி பேண்டில் சாக்ஸபோன் கற்றுக்கொண்டவன். ஜான் கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்' ஆல்பத்தின் முதல் பகுதியை, பேஸ் கிடாருக்கு ஒரு நண்பன், டிரம்ஸுக்கு ஒரு நண்பன் என்று சேர்த்துக்கொண்டு வாசிக்க வேண்டும் என்பது அவன் ஆசை. விண்ணப்பத்தில் எந்தப் பிரிவு என்று கேட்ட இடத்தில் 'பக்தி' என்று எழுதியிருந்தான்.

கமிட்டியில் சிரித்தார்கள். பிறகு மறுத்துவிட்டார்கள். "கத்ரி மாதிரி ஏதாவது வாசிக்கச் சொல்லுங்க, சேர்த்துக்கலாம்" என்று பையனின் அப்பாவிடம் சொல்லி அனுப்பினார்கள்.

பையன் அந்த ஒரு வார்த்தையைச் சரியாகத்தான் எழுதியிருந்தான். தப்பு சிரித்தவர்கள் பக்கம். ஏன் என்று பார்ப்போம்.

முதல் வசனம்: பார் மியூசிக்

சாக்ஸபோனைச் செய்தவர் அடோல்ஃப் சாக்ஸ் என்கிற பெல்ஜியக்காரர். 1846-இல் பாரிஸில் அதற்குக் காப்புரிமை வாங்கினார். முதலில் அது போய்ச் சேர்ந்தது ராணுவ பேண்டுக்கு, பாருக்கு இல்லை. நம் நாட்டிலும் அரண்மனை பேண்ட், போலீஸ் பேண்ட் என்றுதான் அது புழங்கியது. மைசூர் அரண்மனை பேண்டில் கேட்டு மயங்கித்தான் கத்ரி கோபால்நாத் அந்த வாத்தியத்தைக் கையில் எடுத்தார். நம் சினிமாக்காரர்கள் வில்லன் கையில் கிளாஸைக் கொடுத்துப் பின்னால் சாக்ஸபோனை ஊதவிட்டால், அது அந்த டைரக்டரின் கற்பனை வறட்சி. வாத்தியம் என்ன பாவம் செய்தது?

சரி, கோல்ட்ரேனுக்கு வருவோம். 1926-இல் வட கரோலைனா மாநிலத்தில் ஹேம்லெட் என்ற சிற்றூரில் பிறந்தவர். தாத்தாக்கள் இருவருமே கறுப்பினத்தவர் திருச்சபையில் போதகர்கள். மைல்ஸ் டேவிஸின் குழுவில் இடம் கிடைத்தது. கூடவே ஹெராயின், குடி. 1957-இல் அந்தப் பழக்கத்தாலேயே மைல்ஸ் டேவிஸ் அவரைக் குழுவிலிருந்து நீக்கினார். அதே வருஷம் கோல்ட்ரேன் பிலடெல்பியாவில் இருந்த வீட்டுக்குத் திரும்பி, போதையை விட்டொழித்தார். பேங்க்காரன் பாஷையில் சொன்னால், அந்த 1957-இல் அவர் என் மேஜைக்கு எதிரில் வந்து உட்கார்ந்திருந்தால் எந்த விதியின் கீழும் ஒரு டாலர் கடன் சாங்ஷன் ஆகியிருக்காது.

ஏழு வருஷம் கழித்து அதற்கு நன்றிக்கடனாக அவர் செய்ததுதான் 'எ லவ் சுப்ரீம்'. இது என் வியாக்கியானம் இல்லை. ஆல்பத்தின் உறையில் கேட்பவர்களுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். 1957-இல் கடவுள் அருளால் தனக்கு ஒரு விழிப்பு வந்தது, இந்த இசை அவருக்கு ஒரு எளிய காணிக்கை என்பது அதன் சாரம். லாங் ஐலண்டில் டிக்ஸ் ஹில்ஸ் என்ற இடத்தில் இருந்த வீட்டின் மாடியில் சில நாட்கள் தனியே இருந்து, முழு வடிவத்தையும் மனதில் வாங்கிக்கொண்டு இறங்கி வந்தார் என்று, பின்னாளில் அவர் மனைவியான ஆலிஸ் சொல்லியிருக்கிறார்.

குடியிலும் போதையிலும் கிடந்த ஒருவர் அதிலிருந்து மீண்டதற்குக் கடவுளுக்கு நன்றி சொல்லி வாசித்தது இது. இதற்குப் பெயர் பார் மியூசிக் என்றால், அகராதியைத்தான் மாற்ற வேண்டும்.

இன்னொன்றையும் கேளுங்கள். அதே நவராத்திரி மேடையில், அதே சாயந்திரம், சினிமா குத்துப்பாட்டு ஒன்றுக்கு ஆறு குழந்தைகள் ஆடினார்கள். பென்டிரைவில் பாட்டு ஓடியது. நானும்தான் கைதட்டினேன், குழந்தைகள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அது கலாச்சாரம், இது பார் மியூசிக் என்று பிரித்த அந்தத் தராசு எங்கே கிடைத்தது என்று மட்டும்தான் கேட்கிறேன்.

இரண்டாம் வசனம்: பெரிய இடத்துக்காரங்க கேக்கிறது, நமக்குப் புரியாது

பெரிய இடமா? கோல்ட்ரேனின் அப்பா தையல்காரர். ஜானுக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது இறந்துவிட்டார். அம்மா வீட்டு வேலைக்குப் போய்க் குடும்பத்தைக் காப்பாற்றினார். வெள்ளையருக்குத் தனி வாசல், கறுப்பருக்குத் தனி வாசல் என்றிருந்த ஊரில் வளர்ந்தவர். 1963 செப்டம்பரில் அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாமில், கறுப்பின மக்களின் தேவாலயத்தில் வெள்ளை இனவெறியர்கள் குண்டு வைத்ததில் நான்கு சிறுமிகள் செத்துப்போனார்கள். அந்தத் துயரம் ஆறுவதற்குள் 'அலபாமா' என்று ஒரு இரங்கல் இசையைப் பதிவு செய்தவர்கள் இதே நால்வர் குழு. இந்தியாவில் 1930-களில் ஜாஸ் பம்பாயின் பெரிய ஹோட்டல்களில் ஒலித்தது உண்மைதான். ஹோட்டலில் கேட்டவன் பணக்காரனாக இருந்திருக்கலாம். அந்த இசையைப் பெற்றெடுத்தவர்கள் கூலிக்காரர்களும் அடிமைகளின் பேரப்பிள்ளைகளும்தான்.

இந்தக் கெட்ட பெயருக்கு இன்னொரு கூட்டமும் காரணம். ஜாஸ் மேதாவிகள். மங்கலான விளக்கு, விலை உயர்ந்த ஹெட்போன், 'இதெல்லாம் கேட்கத் தனி அறிவு வேணும் பாஸ்' என்கிற பாவனை. இவர்கள் ஒரு பக்கம் கேட்டைப் பூட்டுகிறார்கள், நம் கமிட்டிக்காரர்கள் இன்னொரு பக்கம் பூட்டுகிறார்கள். போதாக்குறைக்கு காபிக் கடை, ஹோட்டல் லாபி, போனில் காக்க வைக்கும் நேரம் என்று சாக்ஸபோனை வால்பேப்பர் மாதிரி ஒட்டிவிட்டார்கள். பேசிக்கொண்டே கேட்டால் எதுதான் புரியும்? கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டுப் பந்திக்கு ஓடும்போது நாகஸ்வரம் மட்டும் புரிகிறதா என்ன?

கச்சேரி கேட்டுப் பழகியவருக்கு இந்த ஆல்பம் புரியாமல் போக நியாயமே இல்லை என்பதுதான் என் வாதம். எப்படி என்று சொல்கிறேன்.

1964 டிசம்பர் 9. நியூஜெர்ஸி மாநிலம் எங்கிள்வுட் கிளிஃப்ஸில் ரூடி வான் கெல்டரின் ஸ்டூடியோ. நான்கு பேர். டெனர் சாக்ஸபோன் கோல்ட்ரேன், பியானோ மெக்காய் டைனர், பேஸ் ஜிம்மி கேரிசன், டிரம்ஸ் எல்வின் ஜோன்ஸ். ஒரே ராத்திரியில் பதிவு செய்தார்கள். மறுநாள் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்தும் வாசித்துப் பார்த்தார்கள். ஆனால் 1965 தொடக்கத்தில் இம்பல்ஸ் கம்பெனி வெளியிட்ட தட்டில் இருப்பது முதல் ராத்திரி நால்வர் வாசித்ததுதான். மொத்தம் சுமார் 33 நிமிஷம், நான்கு பகுதிகள்.

முதல் பகுதி 'அக்னாலெஜ்மென்ட்'. ஏற்றுக்கொள்ளுதல் என்று சொல்லலாம். ஒரு சேகண்டி ஒலியில் தொடங்கும். பிறகு பேஸில் நாலே நாலு ஸ்வரம் கொண்ட ஒரு பிடி வரும். முழுப் பகுதியும் அந்த நாலு ஸ்வரத்தின் மேல்தான் நிற்கிறது. ஒரு கட்டத்தில் கோல்ட்ரேன் அந்தப் பிடியை எடுத்துக்கொண்டு பன்னிரண்டு சுருதி ஸ்தானங்களுக்கும் போய் வருகிறார். கடவுள் இல்லாத இடம் இல்லை என்பதைத்தான் வாசித்துக் காட்டுகிறார் என்று இசை ஆய்வாளர்கள் விளக்கம் சொல்கிறார்கள். கடைசியில் சாக்ஸபோனைக் கீழே வைத்துவிட்டு, ஆல்பத்தின் பெயரையே அந்த நாலு ஸ்வரத்தில் திரும்பத் திரும்ப உச்சரிக்கிறார். நாமாவளி கேட்டு வளர்ந்தவருக்கு இதற்கு மேல் கோனார் நோட்ஸ் வேணுமா?

இரண்டாவது 'ரெசல்யூஷன்', உறுதி பூணுதல். பேஸ் தனியாகத் தொடங்கி, சட்டென்று சாக்ஸபோன் முழு வேகத்தில் இறங்கும். நடுவில் டைனரின் பியானோவைக் கவனியுங்கள். மூன்றாவது 'பர்சூயன்ஸ்', நாடிப் போதல். எல்வின் ஜோன்ஸ் டிரம்ஸைத் தனியாக வாசித்துத் தொடங்குகிறார், முடிவில் கேரிசனின் பேஸ் மட்டும் தனியாக நிற்கும். இந்த இடத்தில்தான் எழுந்து போகத் தோன்றும். தனி ஆவர்த்தனம் ஆரம்பித்தவுடன் கேன்டீன் போண்டாவுக்கு எழுந்து போகிற பரம்பரை ஆயிற்றே நாம்! உட்காருங்கள். மிருதங்கத்தின் கணக்கு தெரியாமலேயே அது எங்கே போய் முடியப் போகிறது என்று உடம்பு எதிர்பார்க்கும் இல்லையா, அதே எதிர்பார்ப்பு இங்கும் வேலை செய்யும்.

நான்காவது 'சாம்'. தமிழ் பைபிளில் 'சங்கீதம்' என்று சொல்வார்களே, அந்தத் துதிப்பாட்டு. இதுதான் உச்சம். இதில் ஓடும் தாளமே கிடையாது. முரசொலி மாதிரி டிரம்ஸ் பின்னால் உருண்டுகொண்டிருக்க, சாக்ஸபோன் நிதானமாக எதையோ சொல்லிக்கொண்டே போகும். என்ன சொல்கிறது? ஆல்பத்தின் உறைக்குள் கோல்ட்ரேன் எழுதிய ஒரு துதிக்கவிதை அச்சாகியிருக்கிறது. அதன் சொற்களைத்தான், அசை அசையாக, சாக்ஸபோனில் வாசிக்கிறார். கவிதையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் வரி வரியாகத் தொடர முடியும்.

இதை நமக்கா விளக்க வேண்டும்? சாகித்யம் தெரியாமல் நாகஸ்வரத்தில் கீர்த்தனை வாசிக்கக் கூடாது, வார்த்தை காதில் விழ வேண்டும் என்று நம் பெரியவர்கள் சொல்வார்களே! தாளம் இல்லாமல் வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டு ராகத்தில் உருகுவதற்கு விருத்தம் என்று நம்மிடம் பெயரே இருக்கிறதே!

ஜாஸும் கர்நாடக சங்கீதமும் ஒன்றுதான் என்று நான் உளறவில்லை. அங்கே பியானோவில் ஸ்வரக்கூட்டங்கள் மாறிக்கொண்டே இருக்கும், நம்மிடம் அது இல்லை. நம் கமகம் அவர்களிடம் இல்லை. ஆனால் கையில் கொஞ்சம் எழுத்து, மீதி அந்த நேரத்து மனோதர்மம் என்கிற வழி நமக்குத் தெரிந்த வழி. இதே படைப்பை 1965 அக்டோபர் 2 அன்று சியாட்டிலில் கூடுதல் கலைஞர்களோடு வாசித்திருக்கிறார். அந்தப் பதிவு 2021-இல் வெளிவந்தது. ஸ்டூடியோவில் 33 நிமிஷம், அங்கே 75 நிமிஷம்! ஒரு வரி பல்லவியை ஒன்றரை மணி நேரம் கேட்கிற ஆளுக்கு இது ஆச்சரியமா?

மூன்றாம் வசனம்: நம்ம கலாச்சாரம் இல்லை

இதற்கு நான் சுலபமாக ஒரு பதில் சொல்லிக் கைதட்டு வாங்கலாம். கோல்ட்ரேன் நம் நாட்டு இசையைத் தேடிக் கேட்டவர், ரவி சங்கரைச் சந்தித்தவர், 1965-இல் பிறந்த மகனுக்கு ரவி என்று பெயர் வைத்தவர். ஆலிஸ் கோல்ட்ரேன் 1971-இல் வெளியிட்ட 'ஜர்னி இன் சச்சிதானந்தா' ஆல்பத்தின் பெயரில் இருக்கும் சுவாமி சச்சிதானந்தா, கோவை பக்கம் செட்டிபாளையத்தில் பிறந்த தமிழர். எல்லாம் உண்மை.

ஆனால் இந்தப் பதிலில் எனக்கு இஷ்டம் இல்லை. ஏதோ ஒரு மூலையில் நம்ம ஊர்ப் பெயர் அடிபட்டால்தான் காதைத் திறப்போம் என்பது ஒரு வியாதி. கோவைக்காரர் பெயர் இல்லாவிட்டாலும் 'எ லவ் சுப்ரீம்' இதேதான். வட கரோலைனாவின் போதகர் வீட்டுப் பேரன், தன் மக்களின் இசையில், தன் கடவுளுக்குச் செய்த காணிக்கை. அந்த மக்களுடையதாகவே அது இருக்கட்டும். நாம் கேட்பதற்கு அது நம்முடையதாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

அப்புறம் அந்த 'கத்ரி மாதிரி'. கத்ரி கோபால்நாத்தை எனக்கும் பிடிக்கும். 1994-இல் 'டூயட்' படத்தில் தமிழ்நாடே அவர் சாக்ஸபோனைக் கேட்டது. கமகத்துக்காக அந்த வாத்தியத்தையே மாற்றி அமைத்துக்கொண்டவர். பத்மஸ்ரீ வாங்கியவர். 2019-இல் காலமானார். அந்த மனிதரே ருத்ரேஷ் மகந்தப்பா என்கிற அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞரோடு சமமாக உட்கார்ந்து வாசித்து, 2008-இல் 'கின்ஸ்மென்' என்ற ஆல்பம் வந்தது. கின்ஸ்மென் என்றால் உறவுக்காரர்கள். கத்ரியே உறவு என்று சொன்ன ஒன்றை, கத்ரி பெயரைச் சொல்லியே வாசலில் நிறுத்துகிறோம். என்ன கொடுமை சார் இது!

வயலின் எங்கிருந்து வந்தது? சுமார் இருநூறு வருஷத்துக்கு முன் பாலுஸ்வாமி தீட்சிதர் ஐரோப்பிய பாணியில் கற்று நம் இசைக்குக் கொண்டுவந்தது. அன்றைக்கு ஒரு கமிட்டி இருந்து 'நம்ம கலாச்சாரம் இல்லை' என்று சொல்லியிருந்தால் இன்றைக்கு டிசம்பர் சீசனில் பக்கவாத்தியம் என்ன?

இதில் என்ன போச்சு?

ஒரு பையனுக்கு மேடை கிடைக்கவில்லை, இதற்கு இவ்வளவு பெரிய பதிவா என்று சிலர் கேட்கலாம்.

ஒவ்வொரு ஆண்டுக் கூட்டத்திலும் ஒரே ஒப்பாரி. இளைஞர்கள் வருவதில்லை, பிள்ளைகள் தமிழ் பேசுவதில்லை, நாற்காலியில் எல்லாம் நரைத்த தலைகள். எப்படி வருவார்கள்? வெளியூரில் பிறந்து, வீட்டில் தமிழும் தெருவில் இந்தியும் பள்ளியில் இங்கிலீஷுமாக வளர்கிற பிள்ளை அவன். அவனாகத் தேடிக் கண்டுபிடித்த ஒன்றை, தனக்குப் பெரிதாகப் பட்ட ஒன்றை, நம்மிடம் எடுத்துக்கொண்டு வந்தான். அதைப் பக்தி என்று வேறு புரிந்துகொண்டு வந்தான். அந்த வார்த்தையை அவன் நம் வீடுகளில்தான் கற்றுக்கொண்டான். அதாவது நாம் கற்றுக்கொடுத்தது வேலை செய்திருக்கிறது! அதற்கு நாம் கொடுத்த பதில் சிரிப்பு.

அவன் அப்பாவிடம் விசாரித்தேன். இப்போது தமிழ் வகுப்புக்கும் வர மாட்டேன் என்கிறானாம். "இதுல என்ன ஸ்கோப் இருக்கு சார், படிப்பைப் பார்க்கட்டும்" என்று அவரும் சலித்துக்கொண்டார். கீபோர்டு கிரேடு பரீட்சை சர்டிபிகேட்டைப் பிரேம் போட்டு மாட்டுகிற வீடுகளில், பரீட்சை இல்லாமல் ஒரு பிள்ளை தானாகவே ஒரு இசையைக் காதலித்தால் அதற்கு மதிப்பெண் இல்லை. கலாச்சாரம் என்று பிள்ளைகளுக்கு நாம் கொடுப்பது, எதையெல்லாம் கேட்கக் கூடாது என்கிற ஒரு பட்டியலாக மட்டும் இருந்தால், அவர்கள் பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு நடையைக் கட்டுவார்கள். குறை சொல்ல நமக்கு வாய் இருக்காது.

கமிட்டிப் பெரியவர்களுக்கு என் கோரிக்கை ஒன்றே ஒன்று. பொங்கல் விழாவில் அந்த முதல் பகுதிக்கு இடம் கொடுங்கள். எட்டு நிமிஷம்கூட ஆகாது. செயலாளர் அறிக்கை அதைவிட நீளம் :-)

படிக்கிற உங்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஞாயிற்றுக்கிழமை டிவியை அணைத்துவிட்டு, போனைத் திருப்பி வைத்துவிட்டு, பிள்ளைகளையும் கூப்பிட்டு உட்கார வைத்து, முழு ஆல்பத்தையும் ஒரே மூச்சில் கேளுங்கள். சமைத்துக்கொண்டே வேண்டாம், கார் ஓட்டிக்கொண்டே வேண்டாம். நான்காம் பகுதிக்கு வரும்போது அந்தத் துதிக்கவிதையை இணையத்தில் தேடித் திறந்து வைத்துக்கொண்டு, எந்த வார்த்தை எங்கே ஒலிக்கிறது என்று பிள்ளைகளையே விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். கேட்டு முடித்த பிறகும் இது பார் மியூசிக்தான் என்று தோன்றினால் பின்னூட்டத்தில் வந்து திட்டுங்கள், பதில் சொல்கிறேன். கேட்காமல் திட்ட வருகிறவர்களுக்கு மட்டும் பதில் கிடையாது.

டிஸ்கி: எனக்கு சாக்ஸபோன் வாசிக்கத் தெரியாது. படித்தது பி.காம். அந்தப் பையன் எனக்குச் சொந்தமும் இல்லை. கமிட்டிக்கு இந்த வருஷச் சந்தா கட்டிவிட்டேன், ரசீது இருக்கிறது.